செயற்கை நுண்ணறிவு நிறுவனப் பங்கை எடைபோடுவது எப்படி? பலன்டிர் கணக்கை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

2022 டிசம்பர் கடைசி வர்த்தக நாளில், அமெரிக்கத் தரவுப் பகுப்பாய்வு மென்பொருள் நிறுவனமான பலன்டிரின் பங்கு ஒன்றின் விலை 6.42 டாலர். 2024 டிசம்பர் கடைசி நாளில் 75.63 டாலர். விலை கிட்டத்தட்ட 12 மடங்கு. அதே இரண்டு ஆண்டுகளில் நிறுவனத்தின் ஆண்டு வருவாய் 190.6 கோடி டாலரிலிருந்து 286.6 கோடி டாலராக உயர்ந்தது. அதாவது ஒன்றரை மடங்கு.

ஒன்றரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே இருப்பதுதான் இந்தக் கட்டுரையின் பொருள். தரவுப் பகுப்பாய்வு, செயற்கை நுண்ணறிவு என்று பெயர் சூடிய நிறுவனங்களைப் பற்றி யூடியூபில் பேசுகிறவர்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாகக் குழைத்துவிடுகிறார்கள். தொழில் நல்லதா என்பது ஒரு கேள்வி. இந்த விலைக்கு அது நல்லதா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்ததும் இரண்டாவதைக் கேட்க மறந்துபோவதே இந்தத் துறையில் பணம் போகும் வழி. எனவே இரண்டையும் தனித்தனியாக, படிப்படியாகப் பார்ப்போம். எடுத்துக்காட்டாகப் பலன்டிரை வைத்துக்கொள்கிறேன். அதன் கணக்குகள் பொதுவெளியில் முழுமையாகக் கிடைக்கின்றன. அதைப் பற்றிய கூச்சலும் அதிகம். வாங்கச் சொல்வதோ விற்கச் சொல்வதோ என் நோக்கமல்ல.

படி 1: எதை முதலில் படிப்பது

அமெரிக்கப் பங்குச் சந்தையில் உள்ள எந்த நிறுவனத்தின் அறிக்கையும் அந்நாட்டுப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்.இ.சி.யின் ‘எட்கர்’ தளத்தில் இலவசம். ஆண்டறிக்கைக்கு 10-கே என்று பெயர். காலாண்டு அறிக்கைக்கு 10-கியூ. சந்தைக்கு முதன்முதலாக வரும்போது தாக்கல் செய்யும் ஆவணம் எஸ்-1. தலைமை நிர்வாகி பங்குதாரர்களுக்கு எழுதும் கடிதத்தைக் கடைசியில் படியுங்கள். பலன்டிரின் அலெக்ஸ் கார்ப் எழுதும் கடிதங்கள் சுவையானவை, தத்துவ மேற்கோள்கள் நிறைந்தவை. அந்தச் சுவையோடு கணக்குக்குள் நுழைந்தால் எல்லா எண்ணும் இனிக்கும்.

என் வரிசை இது. முதலில் எஸ்-1, அடுத்து மிக அண்மைய 10-கே, பிறகு இடைப்பட்ட ஆண்டுகள். சந்தைக்கு வரும் தருணத்தில், வழக்குக்குப் பயந்து, வழக்கறிஞர்கள் எல்லாக் குறைகளையும் எழுதவைத்துவிடுவார்கள். பலன்டிர் 2020 செப்டம்பர் 30 அன்று நேரடிப் பட்டியலிடல் முறையில் (புதிய பங்கு வெளியிடாமல், இருக்கும் பங்குகளையே சந்தைக்குக் கொண்டுவருவது) நியூயார்க் பங்குச் சந்தைக்கு வந்தபோது வெளியிட்ட ஆவணத்தில் 17 ஆண்டு வரலாற்றில் ஒரு ஆண்டுகூட லாபம் கண்டதில்லை என்பது முதல், சில வாடிக்கையாளர்களை நம்பியே பிழைக்கிறோம் என்பது வரை எல்லாமே இருந்தது. அன்று ஒப்புக்கொண்ட குறைகளில் எது தீர்ந்தது, எது தீரவில்லை என்று சரிபார்ப்பதே பாதி ஆய்வு.

செய்திக்குறிப்பை மட்டும் படித்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். சில செலவுகளைக் கழிக்காமல் காட்டும் ‘திருத்தப்பட்ட லாபம்’ என்பது அங்கே முதல் வரியில் இருக்கும். உண்மையான லாபம் பல பக்கம் தள்ளி, அட்டவணைக்குள் இருக்கும்.

படி 2: பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டுப் பொருளைப் பாருங்கள்

பலன்டிர் 2003-இல் தொடங்கப்பட்டது. பீட்டர் தீல், அலெக்ஸ் கார்ப், ஸ்டீபன் கோஹன், ஜோ லான்ஸ்டேல், நேத்தன் கெட்டிங்ஸ் ஆகியோர் நிறுவனர்கள். அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ.வோடு தொடர்புடைய இன்-க்யூ-டெல் என்ற முதலீட்டு அமைப்பு ஆரம்பத்திலேயே பணம் போட்டது. விற்கும் பொருள்கள் நான்கு. உளவு, ராணுவத் துறைகளுக்குக் காத்தம். வணிக நிறுவனங்களுக்கு ஃபவுண்ட்ரி. இவற்றை எந்தக் கணினிச் சூழலிலும் நிறுவிப் புதுப்பிக்க அப்பல்லோ. நான்காவது, 2023 ஏப்ரலில் அறிமுகமான செயற்கை நுண்ணறிவுத் தளமான ஏ.ஐ.பி.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சாட்ஜிபிடி போன்றவற்றுக்குப் பின்னால் உள்ள பெரிய மொழி மாதிரிகளை உருவாக்கி விற்பது பலன்டிரின் தொழில் அல்ல. அவற்றைப் பிற நிறுவனங்களிடமிருந்து எடுத்து, வாடிக்கையாளரின் தரவோடு பொருத்திக் கொடுக்கிறது. ஒரு பெரிய உற்பத்தி நிறுவனத்தில் கொள்முதல் ஒரு மென்பொருளில், கிடங்கு இன்னொன்றில், பழுதுபார்ப்புப் பதிவுகள் எக்செல் கோப்புகளில் கிடக்கும். இவற்றை ஒரே அடுக்கில் கொண்டுவந்து, ‘இந்த விமானம், இந்த உதிரிபாகம், இந்தத் தொழிலாளி’ என்று உலகத்தில் உள்ளபடியே இணைத்துக் காட்டும் அமைப்பை அவர்கள் ‘ஆன்டாலஜி’ என்கிறார்கள். ஏர்பஸ் நிறுவனம் 2017-இல் தொடங்கிய ஸ்கைவைஸ் தளம் இப்படித்தான் கட்டப்பட்டது. ஏ.ஐ.பி. வருவதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தச் சரக்குக்கு வாடிக்கையாளர் இருந்தார் என்பது நல்ல அறிகுறி.

எந்த நிறுவனத்துக்கும் இந்தச் சோதனையை வையுங்கள். அறிக்கையில் ‘செயற்கை நுண்ணறிவு’ என்ற சொல்லை அடித்துவிட்டுப் படித்தால் மீதி என்ன நிற்கிறது? சி3 என்ற நிறுவனம் 2009-இல் கார்பன், எரிசக்தி மேலாண்மைக்காகத் தொடங்கியது. பிறகு சி3 எனர்ஜி, அதற்குப் பிறகு சி3 ஐ.ஓ.டி., 2019-இல் சி3.ஏஐ. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு பெயர். 2020 டிசம்பரில் பங்கு ஒன்றை 42 டாலருக்கு வெளியிட்டது. முதல் நாளே விலை இரட்டிப்பைத் தாண்டியது. 2025 ஏப்ரலில் முடிந்த நிதியாண்டிலோ 38.9 கோடி டாலர் வருவாய்க்கு 28.9 கோடி டாலர் நிகர நஷ்டம். பெயர் மாற்றம் குற்றமல்ல. ஆனால் அது நடந்திருந்தால் அறிக்கையை இரண்டு முறை படியுங்கள்.

படி 3: விற்பது மென்பொருளா, ஆட்களின் நேரமா

என்னைக் கேட்டால் முழு ஆய்விலும் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். மென்பொருளை ஒருமுறை எழுதினால் ஆயிரம் முறை விற்கலாம். பகுப்பாய்வுச் சேவையில் ஒவ்வொரு புதிய வேலைக்கும் புதிய ஆட்கள் வேண்டும். இரண்டுமே நேர்மையான தொழில்கள்தான். ஆனால் சந்தை முதலாவதற்குக் கொடுக்கும் விலையை இரண்டாவதற்குக் கொடுத்தால் முதலீட்டாளருக்கு நஷ்டம். சிக்கல் என்னவென்றால் பல நிறுவனங்கள் இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன.

பலன்டிர் மீது நெடுநாளாக இருந்த குற்றச்சாட்டே அதுதான். தன் பொறியாளர்களை வாடிக்கையாளரின் அலுவலகத்திலேயே மாதக்கணக்கில் உட்காரவைத்து வேலை வாங்கிய நிறுவனம் அது. ‘மென்பொருள் என்ற பெயரில் ஆலோசனைக் கம்பெனி’ என்று விமர்சகர்கள் சொன்னார்கள். சொன்னதில் நியாயம் இருந்தது. அதைக் கணக்கில் சரிபார்க்க மூன்று இடங்கள் உள்ளன.

ஒன்று, மொத்த லாப விகிதம். விற்ற பொருளை வழங்கி இயக்குவதற்கான நேரடிச் செலவு போக மீதி எவ்வளவு என்று இது காட்டும். பலன்டிருக்கு 2019-இல் 67 சதவீதம், 2024-இல் 80 சதவீதம். தேர்ந்த மென்பொருள் நிறுவனத்துக்கு 75-க்கு மேல் இருக்க வேண்டும் என்பது பொதுவான எதிர்பார்ப்பு. 40-க்குக் கீழே என்றால், பெயர்ப்பலகை எதுவானாலும், அது ஆள் வைத்து நடத்தும் தொழில்.

இரண்டு, மொத்த லாபத்தை மட்டும் நம்பக் கூடாது. பொறியாளர்களின் சம்பளத்தை ‘விற்பனைச் செலவு’ என்ற தலைப்புக்கு மாற்றி எழுதிவிட்டால் மொத்த லாபம் அழகாகிவிடும். இதைப் பிடிக்க, நேரடிச் செலவையும் விற்பனைச் செலவையும் சேர்த்து வருவாயிலிருந்து கழித்துப் பாருங்கள். பங்குவழிச் சம்பளத்தை (ஊழியருக்குப் பணத்துக்குப் பதில் பங்காகத் தருவது) செலவில் சேர்க்காமல் பலன்டிரே வெளியிட்ட அந்தக் கணக்கின்படி, வருவாயில் மீதி 2018-இல் 14 சதவீதம், 2019-இல் 21 சதவீதம், 2020-இல் 54 சதவீதம். நான் பார்த்த வரையில் அந்த நிறுவனத்தின் வரலாற்றில் மிக முக்கியமான மூன்று எண்கள் இவைதான். பத்தாவது வாடிக்கையாளரைச் சேர்க்க ஆகும் உழைப்பு முதலாவதற்கு ஆனதைவிடக் குறைந்துகொண்டே வருகிறது என்பதை அவை காட்டின. 2022-இல் விலை 10 டாலருக்குக் கீழே இறங்கியபோது இந்த எண்கள் எல்லோர் கண்ணெதிரிலும் இருந்தன.

மூன்று, ஒரு ஊழியருக்கு எவ்வளவு வருவாய். 2024 இறுதியில் பலன்டிரில் 3,936 முழுநேர ஊழியர்கள். 286.6 கோடியை வகுத்தால் ஆளுக்கு ஏழு லட்சம் டாலருக்கு மேல். இந்தியாவின் பெரிய தகவல் தொழில்நுட்பச் சேவை நிறுவனங்களில் இந்த எண் பத்தில் ஒரு பங்கைத் தாண்டுவதே பெரிது.

சென்னையில் 2006-இல் தொடங்கிய லேட்டன்ட் வியூ அனலிட்டிக்ஸ் இதற்கு நல்ல ஒப்பீடு. அமெரிக்கப் பெருநிறுவனங்களுக்குத் தரவுப் பகுப்பாய்வுச் சேவை செய்யும் நிறுவனம். லாபம் ஈட்டும் நிறுவனம். 2021 நவம்பரில் 197 ரூபாய் விலையில் வந்த அதன் 600 கோடி ரூபாய்ப் பங்கு வெளியீட்டுக்கு 300 மடங்குக்கும் மேல் விண்ணப்பங்கள் குவிந்தன. பட்டியலான முதல் நாளே விலை 500 ரூபாயைத் தாண்டியது. தொழிலில் குறை எதுவும் இல்லை. ஆனால் அன்று விண்ணப்பித்தவர்களில் எத்தனை பேருக்கு இது ஆட்களைப் பெருக்கி வளரும் சேவைத் தொழில் என்பது தெரிந்திருக்கும்? பங்குச் செய்திகள் எல்லாவற்றையும் ‘டேட்டா கம்பெனி’ என்று ஒரே கூடையில் போட்டன.

படி 4: பணம் தருவது யார், தொடர்ந்து தருவார்களா

2019-இல் பலன்டிர் வருவாயில் 67 சதவீதம் முதல் 20 வாடிக்கையாளர்களிடமிருந்து வந்தது. 2024-இல் முதல் இருபது பேரும் சராசரியாக 6.46 கோடி டாலர் தந்தார்கள். கூட்டினால் மொத்த வருவாயில் சுமார் 45 சதவீதம். குறைந்திருக்கிறது, ஆனாலும் அதிகம்தான். மொத்த வாடிக்கையாளர்கள் 711. அரசுகளிடமிருந்து 55 சதவீதம், வணிக நிறுவனங்களிடமிருந்து 45. அமெரிக்காவிலிருந்து மட்டும் 66 சதவீதம்.

அமெரிக்க வணிக வருவாய் அந்த ஆண்டு 54 சதவீதம் வளர்ந்தது. வெளிநாட்டு வணிகமோ மந்தமாகவே நகர்ந்தது. ‘உலகமே இதை வாங்குகிறது’ என்று யாராவது சொன்னால் இந்தப் பிரிவு வாரியான அட்டவணையைக் காட்டுங்கள்.

அடுத்து, வருவாய்த் தக்கவைப்பு விகிதம். ஓராண்டுக்கு முன் 100 டாலர் தந்த அதே வாடிக்கையாளர்கள் இன்று எவ்வளவு தருகிறார்கள்? புதியவர்களைச் சேர்க்கக் கூடாது. பலன்டிருக்கு 2023 இறுதியில் 108, 2024 இறுதியில் 120. பயன்பாட்டுக்கு ஏற்பக் கட்டணம் வாங்கும் தரவுச் சேமிப்பு நிறுவனமான ஸ்னோஃப்ளேக்குக்கு இது 2022 ஜனவரியில் 178 ஆக இருந்து, 2025 ஜனவரியில் 126 ஆக இறங்கியது. 126 மோசமான எண் அல்ல. ஆனால் 178 என்றென்றும் நீடிக்கும் என்று நம்பி விலை கொடுத்தவர்களுக்கு அது வலித்தது. எண்ணை மட்டுமல்ல, அது நகரும் திசையையும் பாருங்கள்.

ஒப்பந்தச் செய்திகளில் ‘வரை’ என்ற சின்னச் சொல் ஒளிந்திருக்கும். 2025 ஆகஸ்டில் அமெரிக்க ராணுவம் பலன்டிருடன் பத்தாண்டுகளுக்கு ‘1,000 கோடி டாலர் வரை’ என்று ஒப்பந்தம் போட்டது. ஏற்கெனவே இருந்த 75 ஒப்பந்தங்களை ஒன்றாகச் சேர்த்த ஏற்பாடு அது. 1,000 கோடி என்பது உச்சவரம்பு. தருவதாக யாரும் வாக்களித்த தொகை அல்ல. தலைப்புச் செய்தியில் அந்த ‘வரை’ பெரும்பாலும் காணாமல்போகும்.

10-கே அறிக்கையிலும் இதே வேறுபாடு உண்டு. 2024 இறுதியில் பலன்டிர் சொன்ன ‘மீதமுள்ள ஒப்பந்த மதிப்பு’ 543 கோடி டாலர். கணக்கியல் விதிப்படி உறுதியானது என்று ஏற்கப்பட்ட தொகை 173 கோடி மட்டுமே. இடைவெளிக்கு முக்கியக் காரணம், பல ஒப்பந்தங்களை வாடிக்கையாளர், குறிப்பாக அரசு, காரணம் சொல்லாமலே முறித்துக்கொள்ளலாம். நடைமுறையில் அடிக்கடி முறிப்பதில்லை. ஆனாலும் கணக்குப் போடும்போது நான் சிறிய எண்ணையே எடுத்துக்கொள்வேன்.

இன்னொரு சங்கதியையும் தேடுங்கள்: நிறுவனமே வாடிக்கையாளருக்குப் பணம் கொடுக்கிறதா? 2021-இல் பலன்டிர் அப்போது சந்தைக்கு வந்துகொண்டிருந்த பல இளம் நிறுவனங்களில் முதலீடு செய்தது. அந்த நிறுவனங்கள் பலன்டிர் மென்பொருளை வாங்க ஒப்பந்தம் போட்டன. எல்லாம் அறிக்கையில் வெளிப்படையாகச் சொல்லப்பட்டதுதான். ஆனால் நம் பணம் சுற்றிவந்து வருவாயாகத் தெரிந்தால் அதைக் கழித்துவிட்டு வளர்ச்சியைக் கணக்கிட வேண்டும். அந்த நிறுவனங்களில் பலவற்றின் விலை பின்னர் படுத்துவிட்டது. அதே ஆண்டு 5.07 கோடி டாலருக்குத் தங்கக் கட்டிகளும் வாங்கினார்கள். மென்பொருள் கம்பெனிக்குத் தங்கம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? கேளுங்கள்.

படி 5: லாபத்தைப் பிரித்துப் பாருங்கள்

ஊழியருக்குச் சம்பளத்தைப் பணமாகத் தராமல் பங்காகத் தந்தால் கையிருப்பு குறையாது. ஆனால் புதிய பங்குகள் பிறக்கின்றன. உங்கள் பங்கின் உரிமை நீர்த்துப்போகிறது. பணம் தருவது நிறுவனம் அல்ல, நீங்கள்.

2020-இல் பலன்டிரின் வருவாய் 109 கோடி டாலர். அந்த ஆண்டு பங்காகத் தந்த ஊதியத்தின் மதிப்பு 127 கோடி டாலர். வருவாயைவிட அதிகம்! தலைமை நிர்வாகியின் ஊதியம் மட்டும் அந்த ஆண்டு சுமார் 110 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. பெரும்பகுதி பல ஆண்டுகளில் கைக்கு வரும் பங்குரிமைகள். 2023-இல் பங்குவழி ஊதியம் 47.6 கோடியாக இறங்கி, 2024-இல் மீண்டும் 69.2 கோடியாக ஏறியது. வருவாயில் 24 சதவீதம்.

இதன் விளைவைப் பாருங்கள். 2024-க்கான செய்திக்குறிப்பில் ‘திருத்தப்பட்ட செயல்பாட்டு லாபம்’ 112.8 கோடி டாலர். விதிப்படியான செயல்பாட்டு லாபம் 31 கோடி. நடுவில் உள்ள 80 கோடி சொச்சம் பங்குவழி ஊதியமும் அதன் மீதான வரியும். ‘ரொக்கமாகப் போகவில்லையே’ என்பது அவர்கள் வாதம். ஊழியர் பங்குக்குப் பதில் பணம் கேட்டால் போகத்தானே செய்யும்?

வட்டி வருமானத்தையும் பிரிக்க வேண்டும். 2023-இல் முதன்முறையாக முழு ஆண்டு நிகர லாபம், 21 கோடி டாலர், என்று கொண்டாடினார்கள். அந்த ஆண்டு தொழிலில் கிடைத்த லாபம் 12 கோடி. கையிலிருந்த பணத்துக்குக் கிடைத்த வட்டி 13 கோடிக்கு மேல். மென்பொருளைவிட வங்கி வட்டி அதிகம் சம்பாதித்த ஆண்டு அது. 2024-இல் நிலைமை மாறி, செயல்பாட்டு லாபம் வட்டியை முந்திவிட்டது.

பாராட்ட வேண்டியதும் உண்டு. 2024 இறுதியில் கையில் 520 கோடி டாலர் ரொக்கமும் அரசுக் கடன்பத்திரங்களும், கடன் இல்லை. செயல்பாட்டிலிருந்து வந்த ரொக்கம் 115 கோடி. இந்தத் துறையில் இது அரிது.

படி 6: கடிவாளம் யார் கையில்

இதைச் சுருக்கமாக முடிக்கலாம், ஏனென்றால் உங்களால் மாற்ற முடிந்தது எதுவும் இங்கே இல்லை. பலன்டிரில் எஃப் பிரிவுப் பங்கு என்று ஒன்று உண்டு. தீல், கார்ப், கோஹன் மூவரும் தங்கள் பங்குகளைப் பெருமளவு விற்ற பின்னும் சேர்ந்து 49.999999 சதவீதம் வரை வாக்குரிமை வைத்திருக்க அது வழிசெய்கிறது. நிர்வாகிகள் விற்கும் பங்குகள் படிவம் 4 என்ற பெயரில் எட்கரில் இரண்டே வேலைநாட்களில் வந்துவிடும். விற்பனை என்பதாலேயே பதற வேண்டாம். பலவும் முன்கூட்டியே பதிவுசெய்த திட்டப்படி நடப்பவை. வாங்கிய பதிவு ஒன்றாவது இருக்கிறதா என்று தேடுங்கள்.

படி 7: விலை

இனி இரண்டாவது கேள்வி.

2022 இறுதியில் சுமார் 210 கோடிப் பங்குகள். சந்தை மதிப்பு ஏறத்தாழ 1,350 கோடி டாலர். அந்த ஆண்டு வருவாயைப் போல் 7 மடங்கு. 2024 இறுதியில் சுமார் 234 கோடிப் பங்குகள். 17,700 கோடி டாலர். வருவாயைப் போல் 62 மடங்கு. பன்னிரண்டு மடங்கு விலையேற்றத்தில் ஒன்றரை மடங்குதான் தொழில் தந்தது. மற்றது முழுவதும், அதே ஒரு டாலர் வருவாய்க்கு மக்கள் கொடுக்கத் தயாரான விலை உயர்ந்ததால் வந்தது.

பின்னோக்கிப் போடும் கணக்கு ஒன்று உண்டு. ‘பங்கு எங்கே போகும்’ என்று ஊகிக்காமல், ‘இந்த விலை நியாயமாக இருக்க எது உண்மையாக வேண்டும்’ என்று கேட்பது. ஒரு தாளும் கால்குலேட்டரும் போதும்.

2024 இறுதி விலையில் வாங்கியவர் ஆண்டுக்கு 10 சதவீத லாபம் எதிர்பார்க்கிறார் என்று வைப்போம். பத்தாண்டுகளில் பங்கு விலை 2.6 மடங்காக வேண்டும். பங்குகளின் எண்ணிக்கை ஆண்டுக்கு 2 சதவீதம் கூடினால், சந்தை மதிப்பு சுமார் 56,000 கோடி டாலரைத் தொட வேண்டும். அப்போது முதிர்ந்த நிறுவனமாக, லாபத்தைப் போல் 25 மடங்குக்கு விலைபோகிறது என்றால் ஆண்டு லாபம் 2,240 கோடி. வருவாயில் 35 சதவீதம் நிகர லாபம் என்று தாராளமாகவே கொடுப்போம். தேவைப்படும் வருவாய் 6,400 கோடி டாலர். 2024 வருவாயைப் போல் 22 மடங்கு; ஆண்டுக்கு 36 சதவீதம், இடைவிடாமல் பத்தாண்டுகள்.

1977-இல் தொடங்கிய ஆரக்கிள் நிறுவனத்தின் வருவாய் 2025 மே மாதம் முடிந்த நிதியாண்டில் 5,740 கோடி டாலர். அதையும் தாண்ட வேண்டும். நடக்காது என்று சொல்லவில்லை. நடந்தால்தான் வெறும் 10 சதவீதம் கிடைக்கும் என்கிறேன்.

இதே கணக்கை 2022 இறுதிக்குப் போடுங்கள். லாப விகிதத்தை 25 சதவீதமாகக் குறைத்தாலும் ஆண்டுக்கு 14 சதவீத வளர்ச்சி போதுமானதாக இருந்தது. ஆனால் அந்த ஆண்டு நிறுவனம் 37 கோடி டாலர் நஷ்டத்தில் இருந்தது. பங்கைப் பற்றிப் பேசவே ஆளில்லை. தொழிலின் முகம் வாடியிருந்தபோது கணக்கு எளிதாக இருந்தது. முகம் மலர்ந்தபோது கணக்கு கடினமானது.

2025-இல் நிறுவனம் 36 சதவீதத்தைத் தாண்டித்தான் ஓடியது. மூன்றாம் காலாண்டில் வருவாய் 118 கோடி டாலர், முந்தைய ஆண்டைவிட 63 சதவீத வளர்ச்சி. அதற்குள் நவம்பர் தொடக்கத்தில் விலை 200 டாலரைக் கடந்திருந்தது. எனவே என் எண்களை மனப்பாடம் செய்யாதீர்கள். நீங்கள் படிக்கும் நாளின் விலையையும் கடைசி நான்கு காலாண்டு வருவாயையும் போட்டு மறுபடி கணக்கிடுங்கள். 2024 செப்டம்பரில், அமெரிக்கப் பெருநிறுவனங்களின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டில் இந்தப் பங்கு சேர்ந்ததால், குறியீட்டு நிதி வைத்திருப்பவரும் ஓரளவு இதை வாங்கியவரே.

படி 8: எதனால் கவிழும்

அரசியல்: குடியேற்றக் கட்டுப்பாட்டுத் துறையோடும் ராணுவங்களோடும் உள்ள ஒப்பந்தங்களால் சில முதலீட்டாளர்கள் விலகுகிறார்கள். நார்வேயின் ஸ்டோர்பிராண்ட் என்ற முதலீட்டு நிறுவனம் 2024-இல் தன் பங்குகளை விற்றது. சட்டம்: ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2023 பிப்ரவரியில், காவல்துறையின் தானியங்கித் தரவுப் பகுப்பாய்வுக்கு இடமளித்த ஹெஸ்ஸன், ஹாம்பர்க் மாநிலச் சட்டப் பிரிவுகளை ஏற்க மறுத்தது, ஹெஸ்ஸன் காவல்துறை பயன்படுத்தியது பலன்டிர் மென்பொருளைத்தான். போட்டி: மைக்ரோசாஃப்ட், டேட்டாபிரிக்ஸ் போன்றவை ஒருபுறம், ‘நாமே கட்டிக்கொள்ளலாம்’ என்று நினைக்கும் வாடிக்கையாளர் மறுபுறம். குறிமுறை எழுதும் வேலை மலிவாகிவரும் காலத்தில் இரண்டாமவரைக் கண்டே நான் அதிகம் அஞ்சுவேன்.

படி 9: இந்தியாவிலிருந்து வாங்குகிறவர்களுக்கு

ரிசர்வ் வங்கியின் தாராளப் பண அனுப்புத் திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வெளியே அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல், முதலீட்டுக்காக அனுப்பும் தொகை 10 லட்சம் ரூபாயைத் தாண்டினால் மிகுதிக்கு 20 சதவீதம் முன்வரியாகப் பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் அதை ஈடுகட்டலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். 24 மாதங்களுக்கு மேல் வைத்திருந்து விற்றால் நீண்டகால ஆதாய வரி 12.5 சதவீதம். வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலை நிரப்ப மறக்காதீர்கள். அங்கே நிதியாண்டு அல்ல, ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கு.

தரகு செயலிகள் உரக்கச் சொல்லாத விஷயம் அமெரிக்க மரணச் சொத்து வரி. அமெரிக்கக் குடிமகன் அல்லாத, அங்கே வசிக்காத ஒருவர் இறக்கும்போது அவர் பெயரில் உள்ள அமெரிக்கப் பங்குகள் 60,000 டாலரைத் தாண்டினால், மிகுதிக்கு 40 சதவீதம் வரை வரி விழலாம். இதற்கு விலக்கு தரும் ஒப்பந்தம் இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இல்லை. பெரிய தொகை போடுகிறவர்கள் வாங்கும் முன்பே கணக்காளரிடம் பேசுவது நல்லது.

படி 10: வாங்கும் முன்பே விற்பதற்கான காரணத்தை எழுதுங்கள்

ஒரு தாளில் ஆறு வரிகள்: அமெரிக்க வணிக வருவாய் வளர்ச்சி, வருவாய்த் தக்கவைப்பு விகிதம், முதல் 20 வாடிக்கையாளர்களின் பங்கு, வருவாயில் பங்குவழி ஊதியத்தின் சதவீதம், மொத்தப் பங்குகளின் எண்ணிக்கை, படி 7-இன்படி தேவைப்படும் வளர்ச்சி. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இதற்குக் கீழே போனால்’ அல்லது ‘இதற்கு மேலே போனால்’ என்று ஒரு எல்லை. என் எல்லைகளைச் சொல்கிறேன், உங்களுடையவை வேறாக இருக்கலாம். தக்கவைப்பு விகிதம் தொடர்ந்து இரண்டு காலாண்டு 110-க்குக் கீழே, பங்கு எண்ணிக்கை ஆண்டுக்கு 4 சதவீதத்துக்கு மேல், தேவைப்படும் வளர்ச்சி நிறுவனத்தின் இப்போதைய வளர்ச்சியைத் தாண்டிவிட்ட நிலை. இவற்றில் எந்த இரண்டு சேர்ந்து வந்தாலும் பாதியை விற்பேன்.

பலன்டிரின் காலாண்டு முடிவுகள் வழக்கமாக பிப்ரவரி, மே, ஆகஸ்ட், நவம்பர் மாதங்களின் தொடக்கத்தில், அமெரிக்கச் சந்தை மூடிய பிறகு வரும். இந்தியாவில் நள்ளிரவு தாண்டிவிடும். காலையில் எழுந்ததும் முதலில் தாளை நிரப்புங்கள், விலையைப் பிறகு பாருங்கள்.